பனிமயதாசனும் சந்திரபாபுவும்

முத்துக்குளித்துறைப் பரதவர் பெயர்களில் வரலாறு உறைந்து கிடக்கிறது. 16ஆம் நூற்றாண்டுப் போர்த்துக்கீசியர் வழி வந்தது 'ரொட்ரிகஸ்'. தூத்துக்குடி பனிமய மாதா வழி வந்தது 'பனிமயதாசன்'. 1927இல் அவ்வூரில் பிறந்த ஜோசப் பனிமயதாசன் ரொட்ரிகஸை நாம் சந்திரபாபு என்றே அறிவோம். விடுதலைப் போராட்டக்காரரான தந்தையோடு குடும்பம் கொழும்புக்குப் போனது; பிறகு 1943இல் சென்னை.

அடுக்குமொழி வசனம் கோலோச்சிய திரையில், 'சபாஷ் மீனா'வின் (1958) ரிக்ஷாக்காரராகச் சென்னைத் தெருத்தமிழ் பேசினார். மேற்கத்திய 'யோடலிங்' குரலைத் தமிழ்ப் பாட்டுக்குள் நுழைத்தார். இது வெறும் சேட்டை இல்லை, கலகம்.

ஆனால் கோமாளிக்கு ஒரு கோடு கிழித்திருந்தார்கள். சிரிக்க வைக்கலாம், கதையை நடத்தக் கூடாது. கண்ணதாசன் தயாரிப்பில் நாயகனாக நடித்த 'கவலை இல்லாத மனிதன்' (1960) தோற்றது. எம்.ஜி.ஆரை நாயகனாக்கி இயக்கத் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' பாதியில் நின்றது. இயக்கி முடித்த படம் 'தட்டுங்கள் திறக்கப்படும்' (1966). தலைப்பு விவிலிய வாக்கு. 1974இல், 46 வயதில் செத்துப்போனார்.

குடி, திமிர், ஊதாரித்தனம் என்று இந்த வீழ்ச்சியைத் தனிமனித ஒழுக்கக் கதையாக்கிவிடுவது நமக்குச் சௌகரியம். அவர் தட்டிய கதவின் சாவி யார் கையில் இருந்தது என்று கேட்க வேண்டியதில்லை, பாருங்கள்.