பாத்திரமேற்று ஆட்டங்களின் வரவேற்பு

பாத்திரமேற்று ஆட்டம் என்பது விளையாடுபவர் ஒரு கதைமாந்தரின் பொறுப்பை ஏற்று, அம்மாந்தருக்காகத் தாமே முடிவுகளை எடுக்கும் நிகழ்பட ஆட்ட வகை ஆகும். இவ்வகை ஆட்டங்கள் பெறும் வரவேற்பு அவற்றின் தரத்தை மட்டுமன்றி, வெளியாகும் காலத்தையும் உருவாக்கிய நிறுவனத்தின் நற்பெயரையும் பொறுத்து அமைகிறது.

வெளியீட்டுக் காலம்

பொங்கலன்று இரு பெரிய திரைப்படங்கள் ஒன்றாக வெளிவந்தாலும் இரசிகர் ஒருவர் இரண்டையும் பார்த்துவிட இயலும். பெரிய பாத்திரமேற்று ஆட்டம் ஒன்றை முடிக்கப் பல பத்து மணி நேரம் தேவைப்படும். எனவே அடுத்தடுத்து வெளியாகும் ஆட்டங்கள் பணத்திற்காக மட்டுமன்றி, ஆடுவோரின் நேரத்திற்காகவும் போட்டியிடுகின்றன.

பெல்ஜியத்தைச் சேர்ந்த லேரியன் ஸ்டுடியோஸ், பால்டர்ஸ் கேட் 3 ஆட்டத்தின் கணினிப் பதிப்பை 2023 ஆகஸ்ட் 31 அன்று வெளியிடத் திட்டமிட்டிருந்தது. பின்னர் அதனை ஆகஸ்ட் 3-க்கு முன்தள்ளியது. இதனால் செப்டம்பர் 6 அன்று வெளியான பெதஸ்டா நிறுவனத்தின் ஸ்டார்ஃபீல்ட் ஆட்டத்திற்கு முன்னர் ஒரு மாதத்திற்கும் மேலான இடைவெளி கிடைத்தது.

உருவாக்குநரின் நற்பெயர்

லேரியன் 2020 அக்டோபர் முதல் தன் ஆட்டத்தின் முற்றுப்பெறாத பதிப்பை விற்று, ஆடியோரின் கருத்துகளைப் பெற்றுத் திருத்தி வந்தது. ஆகவே முழுப் பதிப்பு வருமுன்பே அதன் மீது நம்பிக்கை ஏற்பட்டிருந்தது.

நற்பெயர் எதிராகவும் திரும்பக்கூடும். த விட்சர் 3 (2015) ஆட்டத்தால் புகழ்பெற்ற சிடி புரொஜெக்ட் ரெட், பலமுறை தள்ளிவைத்த சைபர்பங்க் 2077 ஆட்டத்தை 2020 டிசம்பர் 10 அன்று வெளியிட்டது. பழைய ஆட்டக் கருவிகளில் அது பல பிழைகளுடன் இயங்கியது. அதே மாதம் சோனி அதனைத் தன் இணையக் கடையிலிருந்து நீக்கியது. 2021 சூனில் மீண்டும் சேர்த்தது. அறிமுகமற்ற நிறுவனத்தின் ஆட்டமாயின் ஏமாற்றம் இவ்வளவு பெரிதாக எழுந்திராது.

தமிழர் ஆக்கம்: வெண்பா

முன்னறிமுகம் இல்லாத சிறு நிறுவனத்தின் நிலைக்கு வெண்பா எடுத்துக்காட்டு ஆகும். இது பாத்திரமேற்று ஆட்டம் அன்று. கதைசார்ந்த சமையல் ஆட்டம். 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றைப் பற்றியது. சிதைந்துபோன சமையல் குறிப்பேட்டின் விடுபட்ட படிகளை ஆடுபவர் ஊகித்து இட்லி, புட்டு முதலியவற்றைச் சமைக்க வேண்டும்.

டொராண்டோவின் விசை கேம்ஸ் இதனை 2023 சூலை 31 அன்று, பால்டர்ஸ் கேட் 3 வெளிவருவதற்கு மூன்று நாட்கள் முன்னர் வெளியிட்டது. எனினும் இது ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும் ஆட்டமாதலால், பெரிய ஆட்டத்திற்காகக் காத்திருந்தவரும் இதனை ஆட இயன்றது. முதல் நாளிலேயே எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் சந்தா சேவையில் இடம்பெற்றதால், அறியாத நிறுவனத்தின் ஆட்டத்தைத் தனி விலை கொடுத்து வாங்கிப் பார்க்கும் தயக்கமும் சந்தாதாரர்க்கு இல்லாமற் போனது.

2024 ஏப்ரலில் நடந்த பாஃப்டா விளையாட்டு விருது விழாவில் பால்டர்ஸ் கேட் 3 சிறந்த ஆட்டத்திற்கான விருதையும், வெண்பா சிறந்த அறிமுக ஆட்டத்திற்கான விருதையும் பெற்றன.