தரையில் நிற்கும் கடோத்கஜன்

கடோத்கஜன்னு சொன்னா நமக்கு மாயாபஜார் ரங்காராவ் ஞாபகம் வரும். ஜாவா பாவைக்கூத்தில் அவன் வானத்தில் பறக்கிற மாவீரன். இந்தோனேசியா சொந்தமாக வடிவமைத்த என்-250 பயணிகள் விமானத்தின் முதல் மாதிரிக்கு அவன் பேரைத்தான் வைத்தார்கள்.

இதுக்குப் பின்னால் இருந்தவர் ஹபீபி. ஜெர்மனியில் படித்து, அங்கேயே விமானத் தொழிலில் உயர்ந்தவர். 1974இல் சுகார்த்தோ அழைத்து ஊர் திரும்பினார். 1976இல் பாண்டுங்கில் விமான ஆலை வந்தது. அவர் போட்ட திட்டம் தலைகீழானது: கடைசிப் படியிலிருந்து ஆரம்பி. முதலில் ஸ்பெயினின் காசா நிறுவன விமானத்தை உரிமம் வாங்கிப் பூட்டினார்கள். அடுத்து அதே காசாவோடு சேர்ந்து சிஎன்-235 வடிவமைத்தார்கள், 1983இல் பறந்தது. அதன் இந்தோனேசிய மாதிரிக்குப் பேர் தெத்துகோ, அதாவது கடோத்கஜனின் பிள்ளைப் பேர்!

மூணாவது படிதான் என்-250. இரட்டை டர்போபுராப், சுமார் 50 இருக்கைகள். விமானியின் கட்டளை மின்சமிக்ஞையாகப் போகும் ஃப்ளை-பை-வயர் முறை; இந்த அளவு டர்போபுராப்பில் அன்றைக்கு அது புதுசு. ஆயிரக்கணக்கான தீவுகள் கொண்ட நாட்டுக்கு இப்படி ஒரு விமானம் எவ்வளவு தேவைன்னு சொல்ல வேண்டியதில்லை. 1995 ஆகஸ்ட் 10 அன்று பறந்தது. அந்தத் தேதி இன்றும் அங்கே தேசியத் தொழில்நுட்ப எழுச்சி நாள்.

அப்புறம் 1997இல் ஆசிய நிதி நெருக்கடி. 1998 ஜனவரியில் ஐஎம்எஃப் உடன்பாட்டில் சுகார்த்தோ கையெழுத்திட்டார். விமானத் திட்டங்களுக்கு இனி அரசுப் பணமும் கடன் சலுகையும் கிடையாது என்பது அதில் ஒரு நிபந்தனை. சில மாதத்தில் ஹபீபியே ஜனாதிபதி ஆனார். அவராலும் மீட்க முடியலை.

ஐஎம்எஃப்தான் கொன்றது என்று முடிச்சிடலாம். ஆனா 1994இல் காடு வளர்ப்பு நிதியிலிருந்து 40,000 கோடி ரூப்பியாவை இந்த ஆலைக்குத் திருப்பினார் சுகார்த்தோ. சூழலியல் அமைப்புகள் வழக்கே போட்டன. பொறியாளர்கள் தங்கள் வேலையைச் சரியாத்தான் செய்தார்கள். வாங்குபவரின் பணத்தில் நிற்க வேண்டிய தொழில் ஒரு ஆட்சியாளரின் தயவில் நின்றது. தயவு போனதும் எல்லாம் போச்சு.

2020இல் கடோத்கஜனை யோக்யகர்த்தா அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். தெத்துகோவின் வாரிசுகளைப் பாண்டுங் ஆலை அதற்குப் பிறகும் கட்டி விற்றது. வளர்ந்தவன் நின்னுட்டான், பிள்ளைதான் பறந்தது.