‘குட்டிதானே, கடிச்சா என்ன?’ - நாய்க்குட்டியின் கடிப் பழக்கத்தை நிறுத்துவது எப்படி?

பொங்கலுக்கு அரியலூர் பக்கம் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கணுக்காலில் ‘நறுக்’. குனிந்து பார்த்தால், ஒன்பது வாரக் குட்டி ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. அக்கா பொண்ணு கொலுசு போடுவதையே நிறுத்திவிட்டாள். பாவாடை ஓரமெல்லாம் ஓட்டை. “வளர்ந்தா தானா சரியாகிடும்டா” என்றார் மாமா.

அவர் சொன்னது பாதிதான் சரி.

குட்டிக்கு 28 பால் பற்கள். பிறந்த மூன்று, நான்கு வாரத்திலேயே முளைக்கத் தொடங்கும், ஊசி மாதிரி கூர்மையாக இருக்கும். நாலாவது மாதத்தை ஒட்டி அவை விழ ஆரம்பித்து, ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். இடைப்பட்ட காலத்தில் ஈறு நமநமவென்று இருக்கும். கட்டில் கால், சார்ஜர் வயர், உங்க கை எல்லாமே அதுக்கு ஒண்ணுதான். அந்த நமைச்சல் தானாகப் போய்விடும். ஆனால், ‘மனுஷன் கையைக் கடிக்கலாம்’ என்று அதற்குள் பழகிவிட்டால், அது தானாகப் போகாது.

அடிப்படையில் இதைச் சொல்லித்தர வேண்டியது தாயும் கூடப்பிறந்த குட்டிகளும்தான். விளையாட்டில் ஒன்று அழுத்திக் கடித்தால், கடிபட்டது கத்திவிட்டு விலகிப் போகும். ‘அழுத்திக் கடிச்சா ஆட்டம் முடிஞ்சது’ என்று கடித்த குட்டிக்குப் புரியும். நம்ம ஊரில் 30 நாளிலேயே தூக்கிட்டு வந்துடுறோம். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று நாய் வளர்ப்பு, விற்பனை தொடர்பான 2017-ம் ஆண்டு மத்திய அரசு விதிகளே சொல்கின்றன. சீக்கிரம் பிரித்துக் கொண்டுவந்த குட்டிக்கு அந்தப் பாடத்தை நாமதான் எடுக்கணும்.

‘கடிக்கலைன்னா எதுக்கு நாய்?’

பெரம்பலூர், அரியலூர் கிராமங்களில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். சோளக்காட்டு நடுவில் கொட்டகை, அதுக்குக் காவல் வேணும். அதனால் குட்டியிலேயே துண்டை ஆட்டி, ‘சூ... புடி புடி’ என்று உசுப்பேத்துவார்கள். ஆனால், காவல் என்பது குரைத்து நமக்குத் தகவல் சொல்வது. கடிக்கப் பழகிய நாய்க்குத் திருடனும் ஒண்ணுதான், பால் ஊத்த வர்றவரும் ஒண்ணுதான், பக்கத்துக் காட்டுக் குழந்தையும் ஒண்ணுதான். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போட்டால் இன்னும் மோசம். அவிழ்த்துவிட்ட நிமிஷம் எல்லாத்தையும் வாயாலதான் தீர்த்துக்கும்.

சரி, என்ன செய்யணும்?

பல் பட்டதும் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஓடுற பொருள் என்றால் குட்டிக்குக் கொண்டாட்டம், இன்னும் துரத்தும். கையை அசைக்காமல் வைத்து, சாதாரணக் குரலில் ‘ஆ’ என்று ஒரு தடவை சொல்லுங்கள். சில குட்டிகளுக்குச் சத்தம் கேட்டால் உற்சாகம் கூடும், அப்படியென்றால் சத்தமே வேண்டாம். எழுந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். அரை நிமிஷம் போதும். திரும்பி வந்து, வாயில் ஒரு பொம்மையோ முறுக்கிக் கட்டிய பருத்தித் துணியோ கொடுங்கள். அதைக் கடித்தால் பாராட்டுங்கள். மறுபடி கையைக் கடித்தால், மறுபடி வெளியே. ஒரு நாளைக்கு இருபது தடவைகூட ஆகலாம். பொறுமைதான் இங்கே ட்ரெயினிங்.

முதலில் கடியின் அழுத்தத்தைக் குறைக்கணும், பிறகுதான் கடிப்பதையே நிறுத்தணும் என்பது நாய்ப் பயிற்சியில் பெயர்பெற்ற கால்நடை மருத்துவர் இயான் டன்பாரின் முறை. மெதுவாகக் கடிக்கக் கற்ற நாய், பிற்காலத்தில் பயந்து கடித்தாலும் காயம் சின்னதாக இருக்கும்.

வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துக்கணும். அக்கா வீட்டில் சிக்கலே அங்கேதான். அக்கா விலகிப் போவாள், மாமா சாயங்காலம் வந்து கையை ஆட்டி விளையாடுவார். குட்டி என்னதான் புரிஞ்சுக்கும்? சின்னப் பிள்ளைகளுக்கு ஒரே விதி: ஓடாதே, கத்தாதே, கையைக் கட்டிக்கிட்டு மரம் மாதிரி நில்லு. ஐந்து வயசுக்கு உட்பட்ட குழந்தையையும் குட்டியையும் தனியாக விடவே கூடாது.

மூக்கில் அடிப்பது, வாயை இறுக்கிப் பிடிப்பது, கையில் மிளகாய்ப்பொடி தடவுவது... வேண்டவே வேண்டாம். கை வந்தாலே வலி என்று கற்றுக்கொண்ட குட்டி, பின்னாளில் கையைப் பார்த்தே கடிக்கும்.

ஈறு நமைச்சலுக்கு நனைத்து ஃப்ரீசரில் வைத்த துணி, குளிர்ந்த கேரட் நல்லது. வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும், கொடுக்காதீர்கள். பழைய செருப்பும் வேண்டாம். எது பழசு, எது நேத்து வாங்கினது என்று அதுக்கு எப்படித் தெரியும்? சாயங்காலம் வெறி பிடித்த மாதிரி ஓடி ஓடிக் கடித்தால், பெரும்பாலும் தூக்கம் போதவில்லை என்று அர்த்தம். ஒரு நாளைக்கு 18 மணி நேரத்துக்கு மேல் தூங்கும் வயசு அது.

ரத்தம் வந்துட்டா?

பொங்கலுக்கு மறுநாள் அக்கா பொண்ணு விரலில் பல் பதிந்து ரத்தம் வந்தது. மாமா மஞ்சள் டப்பாவை எடுத்தார். “அதான் குட்டிக்கு ஊசி போட்டாச்சே!” என்றார். கார்டை வாங்கிப் பார்த்தேன். போட்டிருந்தது பார்வோ, டிஸ்டெம்பருக்கான தடுப்பூசி. ரேபிஸ் ஊசி மூன்று மாதம் ஆன பிறகுதான் போடுவார்கள். இந்தக் குழப்பம் நிறைய வீடுகளில் இருக்கிறது. குட்டிக்கும் ரேபிஸ் இருக்கலாம். நோய் அறிகுறி வந்துவிட்டால் மனிதரைக் காப்பாற்ற மருந்து கிடையாது.

குழாயைத் திறந்துவிட்டு, சோப்பு போட்டு, 15 நிமிஷம் கழுவினோம். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. நேராக அரசு மருத்துவமனை. அங்கே தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-வது நாட்கள். ரத்தம் வந்த காயம் என்பதால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட்டார்கள். ரத்தம் வராத கீறலுக்கும் தடுப்பூசி வேணும். ‘பத்து நாள் குட்டி நல்லா இருக்கான்னு பார்த்துட்டுப் போட்டுக்கலாம்’ என்று காத்திருக்காதீர்கள். ஊசியை ஆரம்பித்துவிட்டு குட்டியைக் கவனிக்கலாம்.

விளையாட்டில் இல்லாமல், உடம்பை விறைத்து, முறைத்துப் பார்த்து, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனால் உறுமிக் கடிக்கிற குட்டி என்றால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள். திடீரென்று குணம் மாறி, எச்சில் வடிந்து, விழுங்கத் திணறினால் தொடவே வேண்டாம். தனி அறையில் அடைத்துவிட்டு மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

குட்டிக்கு இப்போ அஞ்சு மாசம். ரேபிஸ் ஊசியும் போட்டாச்சு. போன வாரம் அக்கா ஒரு போட்டோ அனுப்பினாள். உள்ளங்கையில் அரிசி சைஸுக்கு ஒரு பால் பல், தண்ணிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்ததாம். அக்கா பொண்ணு மறுபடி கொலுசு போட ஆரம்பிச்சுட்டா. மாமா மட்டும் இன்னும் துண்டை ஆட்டிக்கிட்டுதான் இருக்காராம்.