சென்னைப் புறநகர் ரயில்

சென்னைப் புறநகர் ரயில்: கடற்கரை, சென்ட்ரல் நிலையங்களிலிருந்து செங்கல்பட்டு, அரக்கோணம், கும்மிடிப்பூண்டித் திசைகளில் ஓடும் மின்சார ரயில் சேவை. சென்னைவாசிகளுக்கு இது வெறும் ‘எலெக்ட்ரிக் ட்ரெயின்’.

தென்னிந்திய ரயில்வே 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே, சுமார் 29 கி.மீ. தூரத்துக்கு, மின்சார வண்டி விட்டது. பம்பாய்க்கு அடுத்தபடியாக மின்சார ரயில் கண்ட இந்திய நகரம் சென்னைதான். அப்போது சைதாப்பேட்டைக்குத் தெற்கே பரங்கிமலை, பல்லாவரம் போன்ற பழைய ஊர்களை விட்டால் பெரும்பாலும் வயலும் ஏரியும்தான். குரோம்பேட்டையும் பழவந்தாங்கலும் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் வளர்ந்தவை. இந்தத் தடத்தில் மீட்டர் கேஜ் மின்வண்டி 2004 வரை ஓடியது. மேற்கு, வடக்குத் தடங்களில் மின்வண்டி வந்தது வெகுகாலம் கழித்து.

ரயிலும் நகரமைப்பும் கைகோத்த இடம் மாம்பலம். 1920களில் அங்கிருந்த ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை உருவாக்கினார்கள். பனகல் பூங்காவை நடுவில் வைத்துத் தெருக்களை வகுத்தார்கள். ஏரி போய்விட்டது, மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை என்ற பெயர் மட்டும் மிச்சம். நிலையத்தின் கிழக்கு வாசலில் இறங்கினால் ரங்கநாதன் தெரு. தீபாவளி சமயத்தில் அங்கே நடக்கவே வேண்டாம், கூட்டமே தள்ளிக்கொண்டு போய்விடும்.

நகரின் விரிவைத் திட்டமிட 1970களில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் அமைந்தது. அதன் எல்லை 1,189 ச.கி.மீ.; அதை 5,904 ஆக விரிக்க 2022இல் ஆணை வந்தது. ஊர் அதற்குள் எந்தக் கோட்டுக்கும் காத்திராமல் பரவிவிட்டிருந்தது. தூண்கள் மேல் ஓடும் ‘பறக்கும் ரயில்’ 1995இல் சேப்பாக்கம் வரை வந்தது, 1997இல் மயிலாப்பூரை எட்டியது, வேளச்சேரியைத் தொட 2007 ஆயிற்று. அதற்குள் வேளச்சேரியில் வீடுகள் நெருக்கியடித்து நின்றன. நிலம் கையகப்படுத்தும் தொல்லை குறையும் என்று பக்கிங்ஹாம் கால்வாயிலேயே தூண்களை நட்டார்கள். கால்வாய் குறுகியதுதான் மிச்சம். நிலையங்களோ பிரமாண்டம்: ஆளில்லா மண்டபங்கள், புறாக்கள். பேருந்துக்குக் கீழே இறங்கித் தெருவில் தேட வேண்டும்.

பழைய மகாபலிபுரம் சாலையில் இப்படியொரு ரயில்கூட இல்லை. டைடல் பூங்கா 2000இல் திறந்தபின் சிறுசேரி வரை கணினி அலுவலகங்கள் எழுந்தன. ஊழியர்களைச் சுமந்தவை நிறுவன வேன்களும், தோளோடு தோள் இடிக்க ஆளேற்றும் ஷேர் ஆட்டோக்களும். மாதவரம்–சிறுசேரி மெட்ரோ தடம் இரண்டாம் கட்டத்தில்தான் சேர்ந்தது.

கோயம்பேட்டிலிருந்த தென்மாவட்டப் பேருந்துகளுக்காக 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்டது. ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கம் தாம்பரம்–செங்கல்பட்டுத் தண்டவாளம். ஆனால் வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவே அன்று நிலையம் இல்லை. விடியற்காலையில் மூட்டைமுடிச்சோடு இறங்கியவர்கள், எதிரே கடந்துபோகும் மின்வண்டியைப் பார்த்தபடி தாம்பரத்துக்கு மாநகரப் பேருந்து ஏறினார்கள்.