அப்பாவோட அம்பாசிடரும் எல்ஈடி பல்பும்: ஒரு ஹெட்லைட் வரலாறு

கொஞ்சம் நீளமான த்ரெட் மக்களே. கார் பிடிக்காதவங்களும் படிக்கலாம். ஏன்னா ராத்திரி எதிர்ல பைக்ல வர்றது நீங்களாத்தான் இருக்கும்.

அப்பாகிட்ட 1978 மாடல் அம்பாசிடர் மார்க் 3 ஒண்ணு இருக்கு. ஏழு இஞ்ச் உருண்டை ஹெட்லைட். வெளிச்சம் மெழுகுவர்த்தி மாதிரிதான் இருக்கும். அவருக்கு லேசா கேட்ராக்ட் வேற ஆரம்பிச்சிருக்கு. போன வருஷம் ஆன்லைன்ல ஒரு ஜோடி எல்ஈடி பல்பு வாங்கி நானே மாட்டிவிட்டேன். வீட்டுச் சுவர் பளீர்னு ஆச்சு. பெருமையா இருந்துச்சு.

ரெண்டு வாரம் கழிச்சு நைட் டூட்டி. டிவிஎஸ் எக்ஸெல்ல வந்து பள்ளத்துல விழுந்த ஒரு பெரியவர், மணிக்கட்டு எலும்பு முறிவு. கட்டுப் போடும்போது சொன்னார்: "எதிர்ல வந்த கார் லைட்டு கண்ணுல அடிச்சுது சார், ரோடே தெரியல." எந்தக் கார்னு அவருக்கும் தெரியாது. அப்பாவோட கார் அன்னைக்கு ஷெட்லதான் நின்னுச்சு. ஆனாலும் எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அப்புறம்தான் இதையெல்லாம் தேடிப் படிச்சேன்.

ஆரம்பத்துல கார் விளக்குல எரிஞ்சது கார்பைடு. மாம்பழம் பழுக்க வைக்கிறாங்களே, அதே கல்தான். அது மேல தண்ணி சொட்டினா அசிட்டிலீன் வாயு வரும், அதைப் பத்த வைக்கணும். மழையில அணையும், காத்துல ஆடும். 1912ல் காடிலாக் கார் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டரும் எலெக்ட்ரிக் விளக்கும் சேர்ந்தே வந்தது. அதோட கார்பைடு காலம் மெல்ல முடிஞ்சது.

வெளிச்சம் கூடினதும் அடுத்த பிரச்சினை உடனே வந்துடுச்சு. எதிர்ல வர்றவன் கண்ணு! நமக்கு டிம், பிரைட்ங்கிறது ஒரு சுவிட்ச். அன்னைக்கு அது பெரிய தலைவலி. 1930கள்ல பல பிரிட்டிஷ் கார்கள்ல டிம் பண்ணினா ஒரு பக்க விளக்கு மொத்தமா அணைஞ்சிடும், இன்னொரு பக்கம் ரிஃப்ளெக்டரே காந்தம் இழுத்து கீழே சாயும். ஒரே பல்புக்குள்ள ரெண்டு ஃபிலமென்ட் வச்ச பல்பை 1920கள்லயே ஆஸ்ராம் கம்பெனி கொண்டு வந்திருந்தது. கடைசில ஜெயிச்சது அந்த வழிதான்.

பிரான்ஸ் தனி ரூட்ல போச்சு. 1930களின் கடைசியிலிருந்து 1993 வரைக்கும் அங்கே ஹெட்லைட் மஞ்சளாத்தான் இருக்கணும்னு சட்டம். நம்ம ஊர்ல ஹெட்லைட் நடுவுல போலீஸ்காரர் ஒட்டிவிடுற கறுப்பு ஸ்டிக்கர் ஞாபகம் இருக்கா? எல்லாருடைய கவலையும் ஒண்ணுதான்.

வெளிச்சம் குறைஞ்சா என்ன ஆகும்னு காட்டினது இரண்டாம் உலகப் போர். 1939 செப்டம்பர்ல பிரிட்டன்ல இருட்டடிப்பு. ஹெட்லைட்டுக்கு முகமூடி, சின்னக் கீற்று வழியா மட்டும் வெளிச்சம். பெட்ரோலுக்கு ரேஷன், அதனால ரோட்ல வண்டியும் குறைவு. ஆனாலும் 1941ல் சாலை விபத்துல செத்தவங்க 9,169 பேர். அந்த நாட்டு வரலாற்றுலயே அதிகம் அதுதான். ஒரு குண்டு கூட போடாம எதிரி நம்ம ஆட்களைக் கொல்றான்ங்கிற அர்த்தத்துல வில்ஃப்ரெட் ட்ராட்டர்ங்கிற பெரிய சர்ஜன் அப்பவே எழுதினார். கேஷுவாலிட்டி பார்க்கிறவனுக்குத்தான் அது முதல்ல கண்ணுல படும்.

அமெரிக்கா 1940ல் சீல்டு பீமுக்கு மாறுச்சு. கண்ணாடி, ரிஃப்ளெக்டர், ஃபிலமென்ட் எல்லாம் ஒரே மூடின டப்பா. தூசி போகாது, ரிஃப்ளெக்டர் கறுக்காது. நல்ல யோசனைதான். ஆனா சட்டம் போட்டு அதையே பிடிச்சுக்கிட்டு நாற்பது வருஷத்துக்கு மேல நின்னுட்டாங்க. ஐரோப்பா அதுக்குள்ள ஹாலஜனுக்குப் போயிடுச்சு. 1962ல் ஹெச்1, 1971ல் ரெண்டு ஃபிலமென்ட் வச்ச ஹெச்4.

இந்த ஹெச்4 பல்பை ஒரு தடவை கையில எடுத்துப் பாருங்க (கண்ணாடியைத் தொடாம!). டிம் ஃபிலமென்ட்டுக்குக் கீழே குட்டி உலோகக் கிண்ணம் ஒண்ணு இருக்கும். கீழே போற வெளிச்சத்தை அது மறைச்சிடும். ரிஃப்ளெக்டரோட மேல் பாதியில மட்டும் வெளிச்சம் பட்டு, சாய்ஞ்சு ரோட்டுல விழும். கிண்ணத்தோட ஒரு ஓரம் 15 டிகிரி சரிவா இருக்கும். அதனாலதான் நம்ம இடது ஓரத்துல நடந்து போறவர் மேல மட்டும் வெளிச்சம் கொஞ்சம் ஏறி விழுது. மில்லிமீட்டர் கணக்கு.

இப்ப என் எல்ஈடி பல்புக்கு வர்றேன். ஃபிலமென்ட் மெல்லிசான ஸ்பிரிங், சுத்தி எல்லாப் பக்கமும் வெளிச்சம் விடும். எல்ஈடி சிப் தட்டையானது, முன்பக்கம் மட்டும்தான் விடும். அதனால ஒரு தகட்டோட ரெண்டு பக்கமும் சிப் ஒட்டி பல்புன்னு விக்கிறாங்க. தகடு தடிமனா இருந்தா வெளிச்சம் கிளம்புற இடமே தள்ளிப் போயிடும். ரிஃப்ளெக்டர் குழம்பிடும். கிட்டத்துல பளீர், தூரத்துல திட்டுத் திட்டா இருட்டு, மீதி வெளிச்சம் எதிர்ல வர்றவர் கண்ணுக்கு. சுவர்ல பார்த்து நான் ஏமாந்தது இங்கதான்.

2007 லெக்சஸ் எல்எஸ் 600ஹெச், 2008 ஆடி ஆர்8 எல்லாம் எல்ஈடி ஹெட்லைட்டோட வந்தப்ப, விளக்கையே எல்ஈடிக்காக முதல்லேருந்து டிசைன் பண்ணினாங்க. பழைய கிண்ணத்துல பல்பை மட்டும் மாத்தல.

டாக்டரா ஒண்ணு சொல்லிடறேன். வயசான லென்ஸ்ல, கேட்ராக்ட் வந்த லென்ஸ்ல வெளிச்சம் சிதறும். எதிர் லைட் பட்டா கண்ணுக்குள்ளேயே வெள்ளைத் திரை விழுந்த மாதிரி ஆகும். 60 கிலோமீட்டர் வேகத்துல ரெண்டு செகண்ட் கண் தெரியலைன்னா 33 மீட்டர் குருட்டுத்தனமா ஓட்டினதுக்குச் சமம்.

சரி, எல்ஈடிதான் வேணும்னா? தகடு மெல்லிசா, சிப் நீளம் ஃபிலமென்ட் அளவுல இருக்கிறதா பாருங்க. காலரைத் திருப்பி, சிப் ரெண்டும் இடது வலதா பார்க்கிற மாதிரி வைங்க. மேலும் கீழுமா நின்னா நாசம். சுவர்லேருந்து பத்து மீட்டர் தள்ளி நிறுத்தி, டிம் போட்டா, வெளிச்சத்தோட மேல் கோடு விளக்கு உயரத்தை விட சுமார் பத்து சென்டிமீட்டர் இறங்கியிருக்கணும். வண்டிக்குள்ள ஆள் உட்கார்ந்திருக்கணும், அதை மறந்துடாதீங்க.

நான் ஹாலஜனுக்கே திரும்பிட்டேன். எங்க எலெக்ட்ரீஷியன் அண்ணன் வயரைச் சோதிச்சுப் பார்த்துட்டு, "தம்பி, பல்பு மேல தப்பில்ல, கரண்ட்டே போய்ச் சேரல"ன்னார். ஹாலஜன்ல வோல்டேஜ் பத்து சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் முப்பது சதவீதம் போயிடும். நாற்பது வருஷ சுவிட்ச், துருப்பிடிச்ச எர்த். ரிலே ரெண்டு போட்டு, எர்த்தைச் சுரண்டி, கறுத்த ரிஃப்ளெக்டரை மாத்தினோம். அப்பா ஓட்டிப் பார்த்துட்டு, "முதல்லயே இதைச் செஞ்சிருக்கலாம்ல?"ன்னார்.

பின்னாடி டெயில் லைட்டுக்கு மட்டும் எல்ஈடி வச்சிருக்கேன். அங்கே குறி தப்பினா பெரிய பிரச்சினை இல்ல. ஆனா பக்கவாட்டுலயும் சிப் இருக்கிற பல்பா வாங்கணும், இல்லைன்னா நடுவுல ஒரு புள்ளி மட்டும்தான் தெரியும். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னாடி சிவப்பு எல்ஈடியே போடுங்க. வெள்ளை எல்ஈடில சிவப்பு கம்மி, பாதி வெளிச்சம் கண்ணாடியிலேயே செத்துடும். இண்டிகேட்டருக்கும் மாத்தினா பழைய ஃபிளாஷர் யூனிட் ஒழுங்கா சிமிட்டாது, அதையும் சேர்த்து மாத்தணும். பாசிட்டிவ் எர்த் வச்ச பழைய பிரிட்டிஷ் கார்னா சாதாரண எல்ஈடி எரியவே எரியாது.

டேஷ்போர்டு மீட்டர் பல்பு மட்டும் பாக்கி. எல்ஈடி போட்டா ஸ்பீடோமீட்டர்ல பாதி எண்தான் தெரியுது. யாராவது சரி பண்ணியிருந்தா எப்படின்னு சொல்லுங்கப்பா.