வேலைக்குப் போறீங்களா?

1996இல் என் மகனுக்கு ஐந்து வயது, பேச்சு வரவில்லை. விடியற்காலை பஸ் பிடித்துப் போய் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஓபி சீட்டு வாங்கி, மதியம்வரை அவனை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டர் என்னைக் கேட்டது ஒன்றுதான்: "வேலைக்குப் போறீங்களா?" ஆமாம் என்றேன். ஏதோ எழுதிக்கொண்டார். என்னைத்தான் எழுதினார் என்பது பிறகுதான் புரிந்தது.

அந்தக் கேள்வி பழையது. 1909இல் சிகாகோவில் வில்லியம் ஹீலி, சிறார் நீதிமன்றத்துக்கு வந்த பிள்ளைகளைப் பரிசோதிக்க ஒரு மருத்துவமனை தொடங்கினார். அந்த வழியில் வந்த குழந்தை வழிகாட்டு மையம், 1937இல் டாட்டா சமூகப்பணிப் பள்ளியின் மூலம் பம்பாய்க்கும் வந்தது. டாக்டர் பிள்ளையைப் பார்ப்பார். சமூகப்பணியாளர் தாயை விசாரிப்பார். விசாரணை எளிதில் குற்றச்சாட்டாக மாறியது. 1943இல் ஆட்டிசத்தை விவரித்த லியோ கன்னர், பெற்றோரிடம் பாசத்தின் சூடு குறைவு என்றும் எழுதினார். உலகெங்கும் எத்தனை தாய்மார் அந்த வார்த்தையைச் சுமந்தார்கள்! அதை 1964இல் ஒரு புத்தகத்தால் உடைத்தவர் பெர்னார்ட் ரிம்லண்ட். உளவியலாளர், ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தகப்பன். அந்தப் புத்தகத்துக்கு முன்னுரை எழுதியவர் கன்னரேதான். 1969இல் பெற்றோர் கூட்டமொன்றில் அவர் எழுந்து, உங்கள்மேல் குற்றமில்லை என்று சொன்னார். அதைப் படித்த இரவு நான் அழுதேன். 27 வருஷம் முன்பே கிடைத்த விடுதலை என் ஓபி அறைக்கு வந்து சேரவில்லை.

கேள்வியைத் திருப்பிக் கேட்ட தாளும் ஒன்று உண்டு. 1979இல் அமெரிக்காவில், சிகிச்சைக்கு வந்தவர்கள் நிரப்ப எட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் வெளியானது. வேண்டிய உதவி கிடைத்ததா, மறுபடி தேவைப்பட்டால் இங்கேயே வருவீர்களா என்று கேட்பது. கேள்விக்கு நான்கு பதில்கள்; மொத்தம் 8 முதல் 32 மதிப்பெண். எடை போடப்படுவது தாயல்ல, மருத்துவமனை.

நம் வேலூரில், 1957இல் தொடங்கிய சி.எம்.சி. மனநல மையம், நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்க வேண்டும் என்று வைத்தது. பின்னாளில் பாகாயத்தில் அவர்களின் நம்பிக்கை நிலையத்தில் மகனோடு தங்கினேன். முதல் நாளே ஒருவர், "அவனுக்கு எது பிடிக்கும்னு உங்களுக்குத்தாம்மா தெரியும், சொல்லுங்க" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதுவரை யாரும் கேட்டதில்லை.

ஓபி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சீட்டின் பின்பக்கம் வெற்றாகத்தான் கிடக்கிறது. அந்த எட்டுக் கேள்விகளையும் தமிழில் அங்கே அச்சடியுங்கள். படிக்கத் தெரியாத தாய்க்கு வாசித்துக் காட்டுங்கள்.