எல்காட்டும் லினக்ஸும் - அரசு அலுவலகக் கணினியின் கதை

திறமூல மென்பொருள் என்றால் ஓசியில் கிடைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். காசு இரண்டாவது விஷயம்தான். அதன் மூல நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஊர்மக்களின் பட்டா, சான்றிதழ், மனு எல்லாம் அரசுக் கணினியில் இருக்கும்போது இது சின்ன விஷயமா என்ன?

தமிழக அரசு அலுவலகங்களில் ரொம்ப காலம் 'வானவில் அவ்வையார்' எழுத்துருவில்தான் தட்டச்சு செய்தார்கள். ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் உருவத்தை வைக்கும் முறை அது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை மாதிரி தெரியும். தேடவும் முடியாது. அரசாணையே ஒரு தனியார் எழுத்துருவை நம்பி இருந்தது!

2006-ல் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக உமாசங்கர் ஐ.ஏ.எஸ். வந்தார். திருவாரூர் கலெக்டராக இருந்தபோதே மின்னாளுமையில் பெயர் வாங்கியவர். எல்காட் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றினார். அரசுக்குக் கணினி வாங்கித் தரும் நிறுவனமே எல்காட்தான் என்பதால், அங்கே நடந்தது மற்ற துறைகளுக்கும் பள்ளிக் கணினிகளுக்கும் போனது. 2008-ல் அவர் அங்கிருந்து மாற்றப்பட்டார். ஒரு அதிகாரியின் பிடிவாதத்தில் ஓடிய வண்டி அதன்பிறகு மெதுவாகத்தான் போனது.

இதற்கிடையில் 2007-ல் சென்னை சி-டாக் 'பாஸ்' லினக்ஸை வெளியிட்டது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு இந்திய மொழிகளுக்காகச் செய்தது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. ஏழாயிரம்பண்ணை மாதிரி ஊர்களில் வீட்டுக்குள் வந்த முதல் கணினியே பலருக்கு இதுதான். ஆனால் காமர்ஸ் படிக்கிறவருக்கு டேலி வேண்டும். சிவகாசி பக்கம் கணக்கு வேலைக்குப் போனால் முதல் கேள்வியே "டேலி தெரியுமா?" என்பதுதான். டேலி விண்டோஸில் ஓடும் மென்பொருள். அப்புறம் பாஸ் பக்கம் யார் போவார்கள்? மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. சம்பளம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பழக்கமும் போகும்.

கேரளா கொஞ்சம் வேறு மாதிரி செய்தது. ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தில் பாடம், ஆசிரியர் பயிற்சி, தேர்வு எல்லாவற்றையும் லினக்ஸிலேயே வைத்தார்கள். வேறு வழியில்லாமல் எல்லோரும் பழகிக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டில் சத்தமில்லாமல் நடந்த பெரிய மாற்றம் எழுத்தில்தான். 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், யூனிகோடையும் டேஸ்-16 முறையையும் அரசின் தரமாக அறிவித்து ஆணை வந்தது. யூனிகோடு எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமில்லை. விண்டோஸ், லினக்ஸ், செல்போன் எதில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரியும். 2014 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் எக்ஸ்.பி.க்கு ஆதரவை நிறுத்தியபோது பாஸ் லினக்ஸைப் பயன்படுத்தும்படி அரசு தன் துறைகளுக்குச் சொன்னது. ஆனால் ஆணை போடுவது வேறு, மேசைக் கணினி மாறுவது வேறு.

வானவில்லில் அடித்த பழைய கோப்பு கையில் கிடைத்தால், அதைப் படிக்க இன்றும் ஒரு எழுத்துரு மாற்றியைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது.